துப்பாக்கிக் குழலில் துரு ஏறுவது ஏன்?

சுட்ட அன்றே துடைத்து எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கியிலும், சில நாட்களுக்குள் குழலின் உட்புறம் துரு படர்ந்துவிடுவதுண்டு. எண்ணெயின் மீதோ வெடிமருந்தின் மீதோ பழியைப் போடுவது எளிது. ஆயின், பழைய தோட்டாக்களைப் பொறுத்தவரை, காரணம் அவற்றின் அடிப்புறத்துள்ள கேப்பில் அடங்கியிருக்கிறது.

கேப்பு என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி மோதியதும், அதிலுள்ள கலவை தீப்பற்றி மருந்தைக் கொளுத்துகிறது. பழைய கலவைகளில் பிராணவாயுவை அளிக்கும் பொருட்டுப் பொட்டாசியம் குளோரேட் சேர்க்கப்பட்டது. பிராணவாயுவை இழந்த குளோரேட், பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலெங்கும் படிகிறது. இது சமையல் உப்பை ஒத்த ஓர் உப்பாகும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 84 சதவீதத்தைக் கடந்தால், இவ்வுப்பு ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகி எஃகை அரிக்கத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் கேடு மிகுவதன் காரணம் இதுவே.

கரிமருந்து வழங்கிய காலத்தில் அழுக்கு மிகுதியாகச் சேர்ந்தமையால் குழலை நீர்விட்டுக் கழுவினர். உப்பும் உடன் நீங்கிற்று. 1880களில் புகையற்ற மருந்து வந்தபின் குழல் தூய்மையாகத் தோன்றவே, எண்ணெயே போதுமெனக் கருதினர். புகையற்ற மருந்து விட்டுச்செல்லும் அமிலமே துருவுக்குக் காரணம் எனப் பலர் நம்பினர். அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப், கேப்பின் குளோரைடே காரணம் என்பதை 1922இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்.

இதனைச் சோதித்தறிவது கடினமன்று. குண்டு நீக்கப்பட்ட துப்பாக்கியின் குழலில், வாலைவடிநீரில் நனைத்த துணியைச் செலுத்தி எடுத்து, அதன் நீரைப் பிழிந்து வடிகட்டுக. சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் பின்னர் வெள்ளி நைட்ரேட் கரைசலும் சேர்த்தால், தயிர்போன்ற வெண்மையான வீழ்படிவு தோன்றுவது குளோரைடின் அடையாளமாகும். குழலில் இடாத துணித்துண்டு ஒன்றையும் இவ்வாறே சோதித்து ஒப்பிடுதல் வேண்டும். கைவியர்வையிலும் உப்பு உண்டன்றோ! கேப்பை மட்டும் எக்காரணத்தாலும் பிரித்துப் பார்த்தலாகாது.

உப்பு எண்ணெயில் கரைவதில்லை. 20 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் நீரோ ஏறத்தாழ 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும். எனவே முதலில் வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் பூசவேண்டும். உப்பின்மேல் பூசிய எண்ணெய் அதனை மறைக்குமேயன்றி அகற்றாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் இரண்டு இரும்பு ஆணிகளைக் கொண்டே விளக்கலாம். இரண்டையும் உப்புநீரில் தோய்த்து உலரவிடுக. ஒன்றின்மீது அப்படியே எண்ணெய் பூசுக. மற்றொன்றைக் கழுவித் துடைத்துப் பின் பூசுக. ஈரமான இடத்தில் சில நாள் வைத்துப் பார்த்தால் வேற்றுமை புலப்படும்.

1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் குளோரேட் கலவாத கேப்புகள் விற்பனைக்கு வந்தன. இன்று பெரும்பாலான தோட்டாக்களில் அத்தகையனவே உள்ளன. எனினும், பழைய இருப்பிலுள்ள தோட்டாவைப் பயன்படுத்தியவர் அன்றே குழலை நீரால் கழுவுதல் நலம்.