ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டு! ஒரு பிரதமரின் பெட்டி 4 ஆண்டு! தெரியுமா?

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் செங்கம். அந்த வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். கல்லில் ஒரு வீரன், பெயர் கருந்தேவக்கத்தி. நடுகல் என்றால் வீரன் இருக்கத்தானே செய்வான், இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறதே! அந்த நாய்க்குப் பெயர்கூட வெட்டியிருக்கிறார்கள், தெரியுமா? கோவிவன்! எருமைகளுக்காக நடந்த சண்டையில் எசமான் விழ, இந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. கிட்டத்தட்ட 1,400 வருடம்!

அந்த மகேந்திரவர்மன் என்ன செய்தான் தெரியுமா? பல்லாவரம் குகையில் தன் பட்டப்பெயர்களாகவே வரிசையாக வெட்டி வைத்தான்! மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன்... நீண்டுகொண்டே போகும். ராஜாவுக்கு அத்தனை பட்டம் வேண்டியிருந்தது. நாய்க்கு ஒரே பெயர் போதுமாயிருந்தது!

சரி, இனி பெயரை அழித்தவர்கள் கதைக்கு வருவோம்.

எகிப்தில் ஹாட்செப்சுட் என்று ஒரு பெண் ஃபாரோ இருந்தார். சுமார் 3,500 வருடத்துக்கு முன்னால். அவருக்குப் பின் வந்த மூன்றாம் துட்மோஸ், கோயில் கோயிலாக ஆள் அனுப்பி அவர் பெயரை உளியால் கொத்தச் சொன்னார்! கர்னாக் கோயிலில் ஹாட்செப்சுட் நிறுத்திய ஒற்றைக்கல் தூண்களைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? வெயிலும் மணலும் படாமல் அந்தச் சுவரே கல்லெழுத்தைக் காப்பாற்றிவிட்டது! அதில் ஒரு தூண் இன்றும் நிற்கிறது. உயரம் கிட்டத்தட்ட 30 மீட்டர்!

சீனாவின் சின் ஷி ஹுவாங், கி.மு. 213இல் பழைய வரலாற்று நூல்களை எரிக்க உத்தரவு போட்டார். வைத்தியம், சோதிடம், விவசாயம், இந்த மூன்றுக்கும் விலக்கு! நேற்று என்ன நடந்தது என்று தெரியக்கூடாது, நாளைக்கு என்ன நடக்கும் என்று சோதிடம் பார்த்துக்கொள்ளலாம்! ஃபூ ஷெங் என்ற அறிஞர் ஒரு நூலைத் தன் வீட்டுச் சுவருக்குள் ஒளித்து வைத்தாராம். ஆட்சி கவிழ்ந்த பிறகு சுவரைத் திறந்து பார்த்தால் 29 பகுதிகள் மிஞ்சியிருந்தன!

நம் சோழர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ராஜராஜன் காலம் தொட்டுக் கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வைப்பது வழக்கமானது. வென்ற நாடு, பிடித்த யானை, கவர்ந்த பொன். தோல்வியைத் தேடிப் பாருங்கள், அகப்படாது! 1054இல் கொப்பம் போர்க்களத்தில் ராஜாதிராஜன் யானை மேலேயே கொல்லப்பட்டார். கல்வெட்டில் அவர் பெயர் என்ன ஆனது தெரியுமா? யானைமேல் துஞ்சின தேவர்! கேட்டால் ஏதோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தவர் மாதிரி இல்லை?

பெயரை அரசன் வெட்டாமல் புலவர் வைத்தால்? 81 யானைகளுக்கு ஒரு மாங்காயா? சங்கக் கதை இது. நன்னன் என்ற அரசனின் காவல் மரத்து மாங்காய் ஒன்று ஆற்றில் மிதந்து வந்தது. தெரியாமல் எடுத்துத் தின்றுவிட்டாள் ஒரு பெண். மரண தண்டனை! அவள் எடைக்கு எடை பொன்னால் ஒரு பாவையும், கூடவே ஒன்பது ஒன்பதாக 81 யானைகளும் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். அவன் கேட்கவில்லை. புலவர் பரணர் விட்டாரா? குறுந்தொகையில் ஏற்றிவிட்டார். 2,000 வருடமாக அவனுக்குப் பெண்கொலை புரிந்த நன்னன் என்றுதான் பெயர்! (மலைபடுகடாம் பாடப்பெற்ற நம் செங்கத்து நன்னன் வேறு ஆள். அவரைத் திட்டிவிடாதீர்கள்!)

புத்தகத்தோடு கத்தரிக்கோலையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன அரசாங்கம் தெரியுமா? சோவியத் ரஷ்யா! ஸ்டாலினின் உளவுத்துறைத் தலைவர் பெரியா 1953இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி நீளமான கட்டுரை அச்சாகி வீடு வீடாகப் போயிருந்தது. உடனே சந்தாதாரர்களுக்குத் தபாலில் புதுப் பக்கங்கள் வந்தன. பழைய பக்கத்தை வெட்டிவிட்டு இதை ஒட்டிக்கொள்ளுங்கள்! புதுப் பக்கத்தில் என்ன இருந்தது? பேரிங் கடல்! ஆள் இருந்த இடத்தில் தண்ணீர்!

துர்க்மெனிஸ்தான் அதிபர் நியாசோவ் 2002இல் ஜனவரி மாதத்துக்குத் தன் பட்டப்பெயரையும், ஏப்ரலுக்குத் தன் அம்மா பெயரையும் வைத்தார்! அவர் எழுதிய ருஹ்நாமா என்ற புத்தகம் தெரிந்தால்தான் ஓட்டுநர் உரிமம்! 2005இல் அந்தப் புத்தகம் ராக்கெட்டில் விண்வெளிக்கே போனது! 2006இல் அவர் இறந்தார். 2008இல் ஜனவரி மறுபடியும் ஜனவரி ஆகிவிட்டது.

வடகொரியாவின் கிம் ஜோங் இல் பிறந்தபோது வானத்தில் புது நட்சத்திரம் உதித்ததாம், இரட்டை வானவில் வேறு! பிறந்த இடம் பேக்டு புனித மலை, வருடம் 1942 என்கிறது அரசாங்கம். சோவியத் ஆவணங்களோ 1941, ரஷ்யக் கிராமம் ஒன்று என்கின்றன. அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஜவ்வாது மலை மேலுள்ள காவலூர் வானியல் ஆய்வுக்கூடத்தைக் கேட்கலாம் என்றால், அப்போது அது கட்டப்படவே இல்லை!

காவலூர் என்றதும் நினைவு வருகிறது. 1977 மார்ச் 10. பிரதமர் இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலையின் கடைசி நாட்கள். யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்கக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தார்கள். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் கண் சிமிட்டியது! காரணம், யுரேனஸைச் சுற்றி வளையங்கள்! பறக்கும் விமானத்திலிருந்து அமெரிக்கர்கள் கண்டதும் அதே நாளில்தான். 11 நாள் கழித்து, மார்ச் 21இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. பத்திரிகைக்குத் தணிக்கை போட்டவர்கள் வானத்துக்குப் போட மறந்துவிட்டார்கள்! இதே யுரேனஸை 1781இல் கண்டுபிடித்த ஹெர்ஷல் அதற்கு ஜார்ஜ் மன்னரின் பெயரை வைத்தார் என்பது தெரியுமா? பிரிட்டனுக்கு வெளியே உலகம் கண்டுகொள்ளவே இல்லை!

நெருக்கடி நிலை நீடித்த அந்த 21 மாதத்தில் சிறைப்பட்டவர்கள் 1 லட்சத்துக்கும் மேல்! யார் யார் உள்ளே என்று பத்திரிகையில் போட முடியாது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மூன்றே நாளில் அண்ணா நினைவு நாள். கருணாநிதி முரசொலியில் என்ன செய்தார் தெரியுமா? அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஊர்வாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டார்! கைதான தி.மு.க.வினர் பட்டியல் வெளியே வந்துவிட்டது! தணிக்கையைப் பலர் பல விதமாக ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு இதை மிஞ்சியது எதுவும் இல்லை.

இப்போது அந்தப் பெட்டி! 1973 ஆகஸ்ட் 15. டெல்லி செங்கோட்டை வளாகத்தில் இந்திரா காந்தி ஒரு காலப்பெட்டியைப் புதைத்தார். சுதந்திர இந்தியாவின் வரலாறு உள்ளே. 1,000 வருடம் கழித்து எடுக்க வேண்டியது! எழுதியவர் யார் தெரியுமா? நம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி! நேருவையும் இந்திராவையும் தூக்கிப் பிடிக்கிறது, பல தலைவர்களைக் காணோம் என்று கிளம்பியது சண்டை. ஜனதா ஆட்சி வந்ததும் 1977 டிசம்பரில் தோண்டி எடுத்துவிட்டார்கள். புதைக்க ஆன செலவு 8,000 ரூபாய். எடுக்க ஆன செலவு 58,000 ரூபாய்க்கு மேல்!

ஆட்டம் அதோடு முடிந்ததா? நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்த நீதிபதி ஷா கமிஷன், 1978இல் மூன்று அறிக்கைகள் கொடுத்தது. 1980இல் இந்திரா திரும்ப ஆட்சிக்கு வந்தார். அச்சடித்த அறிக்கை புழக்கத்திலிருந்தே காணாமல் போனது! 30 வருடமாக எளிதில் கிடைக்காத சரக்கு. ஆனால் ஒரு பிரதி ஒருவரிடம் தூங்கிக்கொண்டிருந்தது. யாரிடம்? நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நம் இரா. செழியனிடம்! 2010இல் சென்னையிலிருந்து அதைப் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 87!

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. 1970களின் தொடக்கத்தில் தொல்லியல் துறையினர் செங்கம் பக்கம் வயல் வயலாக நடந்ததில்தான் அத்தனை நடுகற்கள் வெளிச்சத்துக்கு வந்தன. பல கற்களை வேடியப்பன் என்று மக்கள் கும்பிட்டு வந்தார்கள், அதனால் பிழைத்தன! உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வேலி ஓரத்திலோ எழுத்து வெட்டிய கல் கிடந்தால் துணி துவைக்காதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள். ஒரு போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்!