மொரீஷியஸ் மீது விழுந்த பழி

இந்தியாவும் மொரீஷியஸும் 1982இல் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. பங்கு விற்று வரும் ஆதாயத்துக்கு, விற்பவர் வசிக்கும் நாடு மட்டுமே வரி போடலாம் என்பது அதில் ஒரு விதி. மொரீஷியஸிலோ அந்த ஆதாயத்துக்கு வரியே கிடையாது. 1990களில் இந்தியச் சந்தை வெளிநாட்டாருக்குத் திறந்த பிறகுதான் இந்த விதியின் அருமை தெரிந்தது. மேலைநாட்டுப் பணம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் பதிவான நிறுவனங்கள் வழியாக மும்பைக்கு வந்தது. சுமார் 12 லட்சம் பேர் வாழும் தீவு, இந்தியாவுக்கு நேரடி அந்நிய முதலீடு தரும் நாடுகளில் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. ‘வரிப் புகலிடம்’ என்ற பழியும் கூடவே வந்தது.

மொரீஷியஸின் முதல் பதில் சட்டம் சார்ந்தது: இரு நாடுகளும் மனமொப்பிப் போட்ட ஒப்பந்தம், இதில் களவு எங்கே? இந்தியாவே அதற்குத் துணை நின்றது. ஒப்பந்தப் பலன் பெற, மொரீஷியஸ் அரசு தரும் வசிப்பிடச் சான்றிதழே போதும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2000இல் சுற்றறிக்கை விட்டது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் சட்டப்படி சரி என்பது குற்றச்சாட்டுக்குப் பதிலாகாது. சட்டமே அப்படி இருக்கிறது என்பதுதானே குற்றச்சாட்டு!

அடுத்த பதில், வரி விகிதம். நிறுவன வரி 15 சதவீதம் என்றது தீவு. வெளிநாட்டில் தொழில் செய்யும் நிறுவனங்களுக்கு அதில் 80 சதவீதம் கழிவு கிடைத்ததால், கையை விட்டுப் போனது 3 சதவீதமே. 2018இல் சட்டத்தைத் திருத்தி இந்த முறையைக் கைவிட்டார்கள். சலுகை வேண்டுமானால் முக்கியப் பணிகள் தீவிலேயே நடக்க வேண்டும், போதிய ஊழியர்கள் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். மறுப்பு அறிக்கைகளைவிட இத்தகைய திருத்தங்களுக்கே வலு அதிகம்.

2020இல் பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு, பணமோசடித் தடுப்பில் குறைகள் இருப்பதாகக் கூறி மொரீஷியஸைக் கூடுதல் கண்காணிப்புக்குரிய நாடுகளின் ‘சாம்பல் பட்டியலில்’ சேர்த்தது. குறைகளைச் சரிசெய்து 2021 அக்டோபரில் வெளியே வந்தார்கள். 2023இல் இந்தியாவின் அதானி குழுமம் பற்றி அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஹிண்டன்பர்க் வெளியிட்ட அறிக்கை, போலி நிறுவனப் புகாரில் மறுபடி தீவை இழுத்தபோது, போலி நிறுவனங்களுக்குத் தங்கள் சட்டத்தில் இடமில்லை என்று நிதிச்சேவை அமைச்சர் நாடாளுமன்றத்தில் மறுத்தார்.

அதற்கு முன்பே, 2016இல், ஒப்பந்தம் திருத்தப்பட்டிருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி போடலாம். 2018–19இல் இந்தியாவுக்கு முதலீடு தரும் நாடுகளில் சிங்கப்பூர் முதலிடத்தைப் பிடித்தது. வரிச் சலுகையே முதன்மை நோக்கங்களில் ஒன்று என்றால் ஒப்பந்தப் பலன் கிடையாது என்ற நெறிமுறையிலும் 2024 மார்ச்சில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன.