மாதம் 85 சென்ட்

மின்கட்டண ரசீதில் மாதம் 85 சென்ட் கூடினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2019 ஜூலையில் நிறைவேறிய ஹெச்.பி. 6 சட்டம் இந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டது. ஈரி ஏரிக்கரையில் நஷ்டத்தில் ஓடுவதாகச் சொல்லப்பட்ட டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி அணுமின் நிலையங்களுக்கு ஆண்டுக்கு 15 கோடி டாலர் மானியம். மசோதா முதலில் வந்தபோது அதற்குச் சூட்டியிருந்த பெயர், ‘சுத்தமான காற்று’.

உள்ளே பிரித்துப் பார்த்தால் கதை வேறு. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான இலக்கு 12.5 சதவீதத்திலிருந்து 8.5 ஆகச் சுருங்கியது. நுகர்வோர் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட மின் நிறுவனங்கள் உதவ வேண்டும் என்ற விதி ஒழிந்தது. கூடவே இரண்டு பழைய நிலக்கரி ஆலைகளுக்கும் மானியம், வீட்டுக்கு மாதம் 1.50 டாலர் வரை. அதில் ஒரு ஆலை ஒஹையோவிலேயே இல்லை. பக்கத்து மாநிலமான இண்டியானாவில் இருக்கிறது!

இதற்கு வழிவிட்ட பணம் சுமார் 6 கோடி டாலர். ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனமும், அந்த அணுமின் நிலையங்களை வைத்திருந்த அதன் துணை நிறுவனமும் ‘ஜெனரேஷன் நவ்’ என்ற அமைப்புக்குக் கொடுத்தது. சமூக நல அமைப்பு என்று பதிவானதால், பணம் தந்தவர் யார் என்று அது வெளியில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில், லாரி ஹவுஸ்ஹோல்டர் என்ற அரசியல்வாதியின் ஆதரவு வேட்பாளர்கள் ஜெயித்தார்கள். அவர்கள் துணையோடு அவர் ஒஹையோ சட்டமன்றக் கீழவையின் சபாநாயகரானார். அவருடைய ஃப்ளோரிடா வீட்டுச் செலவுக்கும் கிரெடிட் கார்டு பாக்கிக்கும்கூட அதிலிருந்து போனது. போட்டது 6 கோடி, கிடைக்கவிருந்தது 130 கோடி. கந்துவட்டிக்காரரே வாய்பிளக்கும் கணக்கு.

சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோக எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். ஒஹையோவின் மின்கட்டமைப்பைச் சீனா கைப்பற்றப் பார்க்கிறது என்று விளம்பரங்கள் பறந்தன. கையெழுத்து வாங்கியவர்களிடம், வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினால் காசும் விமான டிக்கெட்டும் தருவதாகப் பேரம் பேசப்பட்டது. போதுமான கையெழுத்து சேரவில்லை.

2020 ஜூலையில் எஃப்.பி.ஐ. ஹவுஸ்ஹோல்டரைக் கைது செய்தது. மறு ஆண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஃபர்ஸ்ட்எனர்ஜி 23 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2023-ல் ஹவுஸ்ஹோல்டருக்கு 20 ஆண்டு சிறை. வழக்கமாக இத்தோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் பார்க்க வேண்டியது இதற்குப் பிறகுதான். அணுமின் மானியத்தை 2021-லேயே ரத்து செய்த அதே சட்டமன்றம், வெட்டிய இலக்கைத் திருப்பி வைக்கவில்லை. நிலக்கரிக்கான தொகையை மக்கள் 2025 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தும் சட்டம் அந்த ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, ஹவுஸ்ஹோல்டர் சிறைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் தாண்டியிருந்தன.