பாங்கிகளின் அபராதமும் வானம் பார்த்த சீமையும்

ஏழையிடம் பணம் குறைந்துவிட்டது என்பதற்காக, அவனிடம் எஞ்சியிருப்பதையும் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பாங்கிகள் விதிக்கும் அபராதம் இத்தகையதே. 2019-20 முதல் 2023-24 முடிய ஐந்து வருஷங்களில் பொதுத்துறைப் பாங்கிகள் இவ்வாறு வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று, 2024 ஜூலையில் மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் தெரிவித்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் கரிசல் குடியானவனுக்கு வெள்ளாமை வீடு வந்தால்தான் கையில் காசு. பாங்கியோ மாதந்தோறும், அல்லது மூன்று மாதத்துக்கொரு முறை, தினசரி இருப்பின் சராசரியைப் பார்க்கிறது. முப்பது நாளும் 1,000 ரூபாய் வைத்திருப்பதும், ஒரே நாள் 30,000 ரூபாய் வைத்திருப்பதும் அதன் கணக்கில் ஒன்றே. மாசியில் நிறைந்த கணக்கு ஆடியில் வற்றுவது குடியானவன் குற்றமா?

2023 செப்டம்பரில் தமிழக சர்க்கார் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியபோது, சில பாங்கிகள் அதிலும் பழைய கட்டண பாக்கியைப் பிடித்தன. இது தகாது என்று வெளிப்படையாகக் கண்டித்தவர், அப்போது நிதி மந்திரியாகவும் திருச்சுழித் தொகுதியின் சட்டசபை அங்கத்தினராகவும் இருந்த ஸ்ரீ தங்கம் தென்னரசு.

ஸ்டேட் பாங்கி 2020-லேயே இவ்வபராதத்தைக் கைவிட்டது. சுதேசி இயக்க காலத்தில், 1907-ல் சென்னையில் தோன்றிய இந்தியன் பாங்கியும், கனரா பாங்கி முதலியவையும் 2025-ல் கைவிட்டன. நல்லதே. ஆயினும் தனியார் பாங்கிகள் பலவற்றில் இது தொடர்கிறது. வேறு கட்டணங்களும் உண்டு. நம் பகுதி போன்ற ஊர்களில் ஏ.டி.எம். இயந்திரத்தைச் சொந்தப் பாங்கியில் மாதம் 5 முறையும், பிற பாங்கியில் 5 முறையும் இலவசமாக உபயோகிக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையிலும், அதன்மேல் வரியும் பிடிக்கலாம் என்பது 2025 மே முதல் ஏற்பட்ட விதி. இருப்பை மட்டும் பார்ப்பதும் ஒரு முறையாகவே எண்ணப்படும்.

ஜனங்கள் அறியவேண்டிய உரிமைகள் சில. ரிசர்வ் பாங்கி 2012-ல் வகுத்த 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு'க்குக் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை; ஏ.டி.எம். அட்டைக்கு வருஷக் கட்டணமும் இல்லை. பழைய கணக்கை இவ்வாறு மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். பிற கணக்குகளிலும் முன்னறிவிப்புத் தந்து, ஒரு மாத அவகாசம் அளித்த பின்னரே அபராதம் விதிக்கலாம். அதுவும் குறைந்த தொகையின் விகிதப்படியே இருக்கவேண்டும். அபராதத்தால் இருப்பு சூன்யத்துக்குக் கீழே போகக்கூடாது. பாங்கிக்கு எழுதி 30 நாளில் தக்க பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை.

இவ்விதிகள் ஏட்டில் உறங்குவதால் ஏழைக்குப் பயனென்ன? ஊர்தோறும் கூட்டம் போடும் தேச ஊழியர்கள், அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கட்டும். பாஸ் புத்தகங்களை வாங்கி வரிவரியாகப் படித்துக் காட்டட்டும். பிழையான பிடித்தம் கண்டால் அங்கேயே மனு எழுதிக் கொடுக்கட்டும். உழுதவன் பணம் உழுதவனிடமே நிற்கும்படி செய்வதைவிடச் சிறந்த தேசத்தொண்டு வேறென்ன?