பெங்களூர் கித்தார் கோஷ்டி: உலகத்தையே ஆட வைத்த வாலிபர்

மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தங்கவயல்வாசிகள் ஏராளம். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது பெங்களூர்தான்.

அதே பெங்களூரில் 1960-களில் சில வாலிபர்கள் கித்தாரும் கையுமாகக் கிளம்பினார்கள். "ட்ரோஜன்ஸ்" என்று தங்கள் கோஷ்டிக்குப் பெயர் வைத்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னால் தயாரித்த ஒரு பாட்டு, 1974-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் இடத்தைப் பிடித்தது. லட்சக்கணக்கில் இசைத்தட்டுகள் விற்றன.

அவர் பெயர் பிட்டு. முழுப்பெயர் பிட்டு அப்பையா. குடகுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1945-ல் பெங்களூரில் பிறந்தவர்.

வானொலி கொடுத்த வரம்

இந்த வாலிபர்களுக்கு மேல்நாட்டுப் பாட்டைக் கற்றுக் கொடுத்த வாத்தியார் யார்? வானொலிப் பெட்டிதான்.

1952-ல் மத்திய மந்திரியாக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் செய்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். மயில்வாகனன் குரலைக் கேட்கத் தமிழர்கள் காத்துக் கிடந்த காலம் அது.

அதே இலங்கை வானொலி ஆங்கிலத்திலும் பாட்டுப் போட்டது. எல்விஸ் பிரெஸ்லி பாடினார். பிறகு பீட்டில்ஸ் பாடினார்கள். பிட்டுவின் காதில் விழுந்தது அந்தப் பாட்டு.

தங்கவயலுக்கு மேல்நாட்டு இசை புதிதல்ல. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியதில் இருந்தே, இந்த ஊருக்குக் "குட்டி இங்கிலாந்து" என்று பெயர். வெள்ளைக்காரர்களுக்கென்று கிளப்பும் பங்களாவும் இருந்தன. ஆனால் அந்த ஆட்டமும் பாட்டும் சுவருக்கு உள்ளே. தொழிலாளி சுவருக்கு வெளியே. வானொலிக்குச் சுவர் கிடையாது. ஒரு பெட்டி இருந்தால் தெருவே கேட்கும்.

உழைப்பாளி பாட்டு

இந்த இசையும் பங்களாவில் பிறந்தது அல்ல.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டில் பாடுபட்ட நீக்ரோ மக்கள், வேலைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடினார்கள். நம்மவர்கள் ஏற்றம் இறைக்கும்போதும் பாரம் இழுக்கும்போதும் பாடுவதில்லையா, அதைப் போலத்தான். மனக்குறையைச் சொல்லிப் பாடும் அந்தப் பாட்டுக்கு "புளூஸ்" என்று பெயர் வந்தது. பிழைப்புத் தேடி அவர்கள் சிகாகோ போன்ற நகரங்களுக்குக் குடியேறினார்கள். பாட்டும் கூடவே போனது. அங்கே மின்சாரக் கித்தாரும் வேகத் தாளமும் சேர்ந்து "ரிதம் அண்ட் புளூஸ்" ஆயிற்று. அதில் இருந்து கிளைத்ததே "ராக்" இசை.

அந்த இசைத்தட்டுகள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போயின. லிவர்பூல் துறைமுக நகரத்துப் பையன்கள் அவற்றைக் கேட்டுப் பாடிப் பழகினார்கள். அவர்கள்தான் பீட்டில்ஸ். 1962 வரை அவர்களுக்கு டிரம் வாசித்தவர் பீட் பெஸ்ட். 1941-ல் அவர் பிறந்தது நம் சென்னையில் என்பது பலருக்குத் தெரியாது. ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியோ, மட்டி வாட்டர்ஸ் என்ற நீக்ரோ பாடகரின் பாட்டில் இருந்தே தங்கள் பெயரை எடுத்துக் கொண்டது.

"அசல் போலவே"

பிட்டுவும் நண்பர்களும் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிரினி லோபஸ் பாட்டுகளைப் பாடினார்கள். முதலில் பெங்களூர் கிளப்புகள். பிறகு பம்பாய், கல்கத்தா என்று அழைப்பு வந்தது. இந்தியாவில் ஆங்கிலத்தில் பாடிய முதல் பாப் கோஷ்டிகளில் ஒன்று என்று ட்ரோஜன்ஸ் பேசப்பட்டது.

ஏறக்குறைய அதே சமயத்தில் தமிழ் சினிமாவிலும் அந்தத் தாளம் புகுந்தது. 1964-ல் வந்த "காதலிக்க நேரமில்லை" படத்தில், வேலையில் இருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன், முதலாளி பாலையாவிடம் வேலை கேட்டு ஆடிப் பாடும் காட்சியை யார் மறப்பார்கள்? வேலை இல்லாதவன் குறையை மேல்நாட்டுத் தாளத்தில் சொன்னார்கள் விஸ்வநாதன்-ராமமூர்த்தி. தமிழர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக் கொண்டார்கள்.

ஆனால் ஓட்டலில் பாடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சாப்பிட வருகிறவர்கள் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள். "அசல் போலவே பாடுகிறான்" என்று கை தட்டுவார்கள். அந்தப் பாராட்டே வேலியாகவும் ஆகிவிடும். சொந்தப் பாட்டு எப்போது பாடுவது?

ஒற்றை ஆள்

சில காலத்தில் கோஷ்டி கலைந்தது. பிட்டு ஊர் திரும்பவில்லை. "ஒற்றை ட்ரோஜன்" என்ற பொருளில் "லோன் ட்ரோஜன்" என்று பெயர் வைத்துக் கொண்டு, தனியாகவே பாடினார். பம்பாய் கிளப்புகளிலும், கல்கத்தா பார்க் தெருவில் உள்ள டிரிங்காஸ் ஓட்டலிலும் அவர் குரல் ஒலித்தது.

அதோடு நின்றிருந்தால் ஓட்டல் பாடகராகக் காலம் தள்ளி இருக்கலாம். 1967-ல் அவர் மேற்காசிய நாடுகள் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. இந்தியர் என்றால் சிதார் வாசிப்பவர் என்று ஆங்கிலேயர்கள் நினைத்த நாட்கள் அவை. பிட்டு அமெரிக்கத் தூதரகத்தின் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் சமையல். மிச்சம் பிடித்த காசைக் கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார். 1969-ல் "டைகர்ஸ்" என்ற ஜப்பானியக் கோஷ்டிக்கு ஒரு பாட்டைத் தயாரித்துக் கொடுத்தார். முதல் கதவு திறந்தது.

பத்து நிமிடப் பாட்டு

1974-ல் கார்ல் டக்ளஸ் என்ற பாடகரை வைத்து ஓர் இசைத்தட்டு தயாரானது. டக்ளஸ், ஜமைக்காவில் பிறந்தவர். முன்பக்கப் பாட்டுக்கே நேரமெல்லாம் போய்விட்டது. இசைத்தட்டின் பின்பக்கத்துக்கும் ஏதாவது ஒரு பாட்டு வேண்டுமே!

டக்ளஸ் தான் எழுதிய வரிகளைக் காட்டினார். சீனச் சண்டைப் படங்கள் ஓடிக் கொண்டிருந்த சமயம். "குங்பூ பைட்டிங்" என்று தலைப்பு. பிட்டு மெட்டமைத்தார். மிச்சம் இருந்த பத்து நிமிடத்தில் பதிவு முடிந்தது.

கம்பெனிக்காரர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். பின்பக்கத்துப் பாட்டுத்தான் ஓடும் என்றார். முன்னதைப் பின்னதாக்கி வெளியிட்டார்கள். உலகமே ஆடியது!

பத்து நிமிடத்தில் அதிர்ஷ்டம் அடித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால், ஓட்டல் ஓட்டலாக ஊரார் பாட்டைப் பாடிப் பழகிய வருஷங்கள் இருந்தன.

சுற்றி வந்த பாட்டு

1980-ல் பிரோஸ்கான் எடுத்த "குர்பானி" இந்திப் படத்துக்குப் பிட்டு ஒரு பாட்டுப் போட்டார். பாடியவர் நாசியா ஹசன் என்ற 15 வயதுப் பெண். பாகிஸ்தானில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். இந்திய நடனக் கூடங்களில் எல்லாம் அந்தப் பாட்டு முழங்கியது. 1995-ல் அலிஷா சினாய் பாடி வெளிவந்த "மேட் இன் இந்தியா"வும் பிட்டுவின் கைவண்ணம்தான்.

பருத்திக் காட்டில் புறப்பட்ட தாளம் சிகாகோ போய், லிவர்பூல் போய், இலங்கை வானொலி வழியாகப் பெங்களூர் வந்தது. பெங்களூர் வாலிபர் அதை லண்டனுக்கே திருப்பிக் கொண்டு போனார். பிறகு பம்பாய்ப் படத்தின் வழியாக நம் ஊர்த் தெருக்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

தங்கவயல் தங்கமும் ஒரு காலத்தில் லண்டனுக்குப் போனது. போனது போனதுதான், திரும்பவில்லை. பாட்டு திரும்பி வந்தது.

ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கித்தார் பழகும் பையன்கள் உண்டு. "இது சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பதும் உண்டு. கேட்பதில் தப்பில்லை. மாதச் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று தங்கவயல் தாய் தகப்பன்மாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிட்டுவும் வேலையை உதறிவிட்டுப் பாட்டுப் பாடவில்லை. சமையற்கூடத்துச் சம்பளம் அவருக்குச் சோறு போட்டது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகையும் கொடுத்தது.

ரயிலில் போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது என்று உழைக்கும் பையன், இரவில் அரை மணி நேரம் கித்தாரைத் தொட்டால் வீட்டார் அதைத் தடுக்க வேண்டாம். அதில் ஒரு பாட்டாவது அவன் சொந்தப் பாட்டாக இருக்கட்டும்.