தாயுயிரும் சேயுயிரும்

கருவுற்ற பெண்ணொருத்தியைச் சோதித்த வைத்தியர், இக்கருவைத் தாங்குதல் உன் உயிருக்கு ஆபத்தாகும், கலைத்துவிடுதலே நன்று எனக் கூறுவதுண்டு. அதனைக் கேட்டும், பெற்றே தீர்வேன் எனத் துணிவாரும் உளர். அவருட் சிலர் நலமே பெற்றுப் பிழைத்தனர், சிலர் மாண்டனர். பிழைத்தாளை வீரத்தாய் என்றும் மாண்டாளைத் தியாகி என்றும் உலகம் போற்றுகின்றது. ஆலோசனை கூறிய வைத்தியரோ முன்னைய நிலையில் அறியாதவராகின்றார். பின்னைய நிலையில் தீர்க்கதரிசியாகின்றார். இப்பட்டங்கள் பொருந்துமா, பொருந்தாவா என அறிய விழைவார், அவ்வாலோசனை எதனடியாகப் பிறக்கின்றது என்பதை முதற்கண் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆபத்து நிறைந்த கருப்பங்கள் பலவகைப்படுமாயினும், இப்பொருளை ஆராய்தற்கு இருதயநோயே தக்க எடுத்துக்காட்டாகும். நூறாண்டுக்கு மேலாக வைத்தியர்கள் தம் கருத்தை மீண்டும் மீண்டும் மாற்றிவந்த துறை அஃதாதலின் என்க.

கருப்பம் என்பது கருப்பைக்கு மட்டும் நேரும் மாற்றமன்று. கருவுற்ற சில வாரங்களிலேயே தாயின் உடலிலுள்ள குருதியின் அளவு பெருகத் தொடங்குகின்றது. ஏழாம் எட்டாம் மாதங்களில் அஃது இயல்பான அளவினும் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது வரை கூடிநிற்கும். அதனைச் சுற்றியோட்டும் பொருட்டு இருதயமும் நிமிடத்திற்கு வெளியேற்றும் குருதியை நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை கூட்டிக்கொள்கின்றது. நாடித்துடிப்பும் நிமிடத்திற்குப் பத்து இருபது மிகுகின்றது. நலமுள்ள இருதயத்திற்கு இஃது ஒரு சுமையன்று. படியேறும்போது சிறிது மூச்சு வாங்குவதும் மாலையிற் கால் வீங்குவதும் தவிர, தாய் இதனை உணராமலே ஒன்பது மாதங்களையும் கழித்துவிடுகின்றாள்.

வாதக்காய்ச்சலால் தாக்குண்ட இருதயத்தின் நிலை வேறு. சிறுவயதிலே தொண்டைப்புண்ணை அடுத்து வரும் அக்காய்ச்சல், மூட்டுக்களைத் தொட்டுச் செல்கின்றது. இருதயத்தையோ கடித்துவிடுகின்றது என வைத்தியர் கூறுவர். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள இருகூர் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்துவிடுகின்றன. நான்கு முதல் ஆறு சதுர சென்றிமீற்றர் வரை அகன்றிருக்க வேண்டிய அவ்வாயில், ஒன்றரைக்கும் கீழே சுருங்குமாயின் நோய் கடுமையானது எனக் கொள்வர். அத்துணைச் சிறுவாயிலினூடே கூடிய குருதி செல்லல் வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைகின்றது; நாடி விரையும்தோறும் இரு துடிப்புக்களுக்கு இடைப்பட்ட ஓய்வுநேரம் சுருங்குதலால் என்க. வழியற்று மேலறையிலே தேங்கும் குருதியின் அழுத்தம் நுரையீரலைச் சென்று தாக்க, அங்கே நீர் கசிந்து, நோயாளி கரையிலிருந்தே நீரில் மூழ்குவாள்போல மூச்சுத் திணறுகின்றாள். அதுகாறும் வயல்வேலையும் வீட்டுவேலையும் செய்துவந்த பெண்ணொருத்திக்கு, தனக்கு இருதயநோய் உண்டென்பதே முதற் கருப்பத்தின் நடுவில்தான் தெரியவருவதும் உண்டு. வாதக்காய்ச்சல் மலிந்திருந்த ஈழத்திலும் இந்தியாவிலும் வைத்தியர்கள் நன்கறிந்த காட்சி இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பீட்டர் என்னும் பிரான்சிய வைத்தியர் இத்தகைய பெண்களுக்கென ஒரு விதி வகுத்தார். கன்னியாயின் மணம் வேண்டா. மணந்தாளாயின் கருப்பம் வேண்டா. பெற்றாளாயின் பாலூட்டல் வேண்டா என்பது அதன் சாரம். ஓசைநயம் மிக்க விதிகள் நெடுநாள் வாழும். இவ்விதியும் அவ்வாறே பாடநூல்தொறும் புகுந்து, இருதயத்தில் ஒரு முணுமுணுப்பொலி கேட்ட மாத்திரையிலே பெண்ணொருத்தியின் வாழ்வை ஓரறைக்குள் அடைத்துவிடும் வன்மை பெற்றது.

அவ்விதியை வினாவியவர் ஸ்கொத்லாந்தவரான சேர் ஜேம்ஸ் மக்கென்சி. அவர் பெரும் வைத்தியசாலையொன்றிலே புகழோடு தொடங்கியவரல்லர். இங்கிலாந்தின் பேர்ன்லி என்னும் ஆலைநகரிலே தொழிலாளர் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் பார்வையிலிருந்த கருப்பிணியொருத்தி இருதயநோயினால் இறந்தாள். அச்சாவு அவரை உறுத்தியது. எந்த இருதயம் பேற்றைத் தாங்கும், எது தாங்காது என முன்னறிந்து கூறத் தம்மால் இயலவில்லையே என்ற குறையே அவரைப் பிற்கால ஆராய்ச்சிகளிற் செலுத்திற்று. இருதயநோயும் கருப்பமும் பற்றி 1921 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், ஆண்டுக்கணக்காக ஒரே குடும்பங்களைப் பார்த்துவந்த ஒருவரின் அநுபவத்தில் விளைந்ததாகும். கேட்கும் ஒலியைக் கொண்டு தீர்ப்புக் கூறாதே, இருதயத் தசையின் ஆற்றலைக் கொண்டு கூறு என்பதே அவர் போதனையின் கரு. அப்பெண் அன்றாட வேலையைச் செய்கின்றாளா, எவ்வளவு நடந்தால் மூச்சு முட்டுகின்றது, படுக்கும்போது எத்தனை தலையணை வேண்டுகின்றாள் என்னும் எளிய வினாக்கள், காதிலே பொருத்திய குழாயினும் மிகுதி கூறின. நோயின் பெயரொன்றே கருதி எல்லாரையும் ஒருங்கே விலக்கிய பழைய முறை இவ்வாறு தளர்ந்தது.

அடுத்த திருப்பம் சத்திரவைத்தியரால் வந்தது. 1925 ஆம் ஆண்டில் இலண்டனிலே என்றி சூற்றர் என்பார் இளம்பெண்ணொருத்தியின் இருதயத்தினுள் விரலை நுழைத்து அவ்வால்வை அகலச்செய்தார். அவள் பிழைத்தாள். ஆயினும் அதன்பின் எவ்வைத்தியரும் தம் நோயாளியை அவரிடம் அனுப்பவில்லை. வெற்றிபெற்ற சிகிச்சையொன்று இருபதாண்டுக்கு மேல் கிடப்பிற் கிடந்தமை வைத்திய வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1948 இல் அமெரிக்காவிற் பெய்லி, ஆர்க்கன் என்போரும் இலண்டனிற் புரொக் என்பாரும் அதனை மீட்டெடுத்தனர். 1950 களின் தொடக்கத்திலே கருவுற்ற பெண்களுக்கும் அது செய்யப்படலாயிற்று. 1982 இல் சப்பானியரான இனோவே, நெஞ்சைத் திறவாமலே தொடையிலுள்ள நாளத்தின் வழியாகச் சிறு பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் முறையைக் கண்டார். கருவுக்குக் கதிர்வீச்சு எட்டாவண்ணம் வயிற்றை மறைத்து, பெரும்பாலும் மூன்றாம் மாதம் கழிந்தபின் இதனை இன்று செய்வர். ஆக, பீட்டர் விதிப்படி மணமே மறுக்கப்பட்டிருக்கக்கூடிய பெண், தக்க இடத்திற் பிறந்தாளாயின், பிள்ளையைச் சுமந்துகொண்டே நோய் நீங்கிச் செல்லலாம் என்னும் நிலை உண்டாயிற்று. தக்க இடத்திற் பிறந்தாளாயின் என்பது இங்கே வெறுஞ் சொல்லன்று. ஒரே நோய்க்கு ஒரு நகரிற் கூறப்படும் ஆலோசனையும் பிறிதோரூரிற் கூறப்படும் ஆலோசனையும் வேறுபடுதற்கு நோயினும் வசதியே பெருங் காரணமாகும்.

இவ்வரலாற்றைக் கேட்டார், வைத்தியரின் எச்சரிக்கையெல்லாம் காலத்தாற் பொய்த்துப்போவன எனக் கருதிவிடலாகாது. பொய்க்காதனவும் உள. பிறவியிலேயே இருதயத்தின் இருபக்கங்களுக்கும் இடையே துளையிருந்து, அதனால் நுரையீரற் குழாய்கள் நாளடைவில் இறுகிப்போய்விட்ட நிலையை ஐசன்மெங்கர் நோய் என்பர். கருப்பத்திலே உடலெங்குமுள்ள குழாய்கள் இயல்பாகவே தளர்கின்றன; இறுகிய நுரையீரற் குழாய்களோ தளர்வதில்லை. எனவே குருதி எளிய வழியை நாடி, நுரையீரலிற் பிராணவாயுவைப் பெறாமலே துளையின் வழியாக உடலுக்குச் சென்றுவிடுகின்றது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. சேயும் பிராணவாயுக் குறைவால் மெலிகின்றது. இந்நோயுடைய தாய்மாரில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர்வரை இறந்தனர் எனப் பழைய அறிக்கைகள் கூறும். அண்மைக் காலத்தில் இஃது ஓரளவு குறைந்ததேனும், பெரும் வைத்தியசாலைகளும் இன்னும் இக்கருப்பத்தை விலக்கத்தக்கது என்றே கூறுகின்றன. கலைத்தலும் இங்கே ஆபத்தற்றதன்று. கலைத்தலா தாங்கலா என்பது இருளுக்கும் ஒளிக்கும் இடையே உள்ள தெரிவன்று. பெரிய ஆபத்துக்கும் அதனிற் சிறிய ஆபத்துக்கும் இடையே உள்ள தெரிவு.

நூற்றுக்கு முப்பது என்னும் கணக்கின் பொருளை உற்றுநோக்குதல் தகும். அக்கணக்கின்படி எழுபது பேர் பிழைப்பர். பிழைத்த எழுபதின்மருள் ஒருத்தி, செத்துவிடுவாய் என்றார், இதோ பிள்ளையோடு நிற்கின்றேன் என்பாளாயின், அவள் கூற்று உண்மை; ஆயின் அதனால் வைத்தியர் கூற்றுப் பொய்யாகிவிடாது. ஏனைய முப்பதின்மர் வந்து சாட்சி கூறுவதில்லை. ஊர்தோறும் வழங்கும் துணிவுக்கதைகள் யாவும் பிழைத்தார் வாய்ப்பிறந்தவை என்பதை மறத்தலாகாது. மறுதலையாக, வைத்தியர் அறிந்தது நூற்றுவரைப் பற்றியேயன்றி முன்னிற்கும் ஒருத்தியைப் பற்றியன்று. அவள் நூற்றில் முப்பது பங்கு சாவதில்லை. முழுதாகச் சாவாள் அல்லது முழுதாக வாழ்வாள். கணக்கைக் கூறுதல் வைத்தியர் கடன். அக்கணக்கை ஏற்று நடத்தல், அதற்குத் தன் உடலை ஈடாக வைப்பவளின் உரிமை. கணக்கையே கூறாது அச்சுறுத்தும் வைத்தியரும், அதனைக் கேளாமலே வீரம் பேசும் சுற்றத்தாரும் அப்பெண்ணுக்கு ஒரே தீங்கையே செய்கின்றனர்.

இருதயநோய்க்குப் புறம்பாக, இப்பொருளிற் பெரிதும் பேசப்படுவது இத்தாலிய நாட்டு ஜியான்னா பெரெத்தா மொல்லா அம்மையாரின் வரலாறாகும். 1922 இற் பிறந்து பாவியா சர்வகலாசாலையில் 1949 இல் வைத்தியப் பட்டம் பெற்ற இவர், குழந்தை வைத்தியராய்ப் பணிபுரிந்தார். மூன்று மக்களுக்குத் தாயானார். 1961 இல் மீண்டும் கருவுற்ற இரண்டாம் மாதத்திற் கருப்பையிலே கழலையொன்று காணப்பட்டது. அவர்முன் மூன்று வழிகள் இருந்தன: கருப்பையையே நீக்கல், கருவைக் கலைத்துப் பின் கழலையை அகற்றல், கழலையை மட்டும் அகற்றிக் கருவைக் காத்தல். முன்னைய இரண்டும் தாய்க்குக் காப்பானவை. மூன்றாவதிலோ, அறுத்துத் தைத்த கருப்பை மேலும் மேலும் விரியவேண்டியிருந்தமையின் ஆபத்து மிகுதி. அதனையே அவர் வேண்டினார். அவ்வாண்டு செத்தெம்பர் 6 ஆம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின்னர்த் தம் வைத்தியப் பணிக்கும் மீண்டார். 1962 ஏப்பிரில் 21 ஆம் நாள் மொன்சா நகர வைத்தியசாலையிலே வயிற்றைத் திறந்து பெண்மகவு எடுக்கப்பட்டது. ஒரு வாரத்தின்பின், வயிற்றறை அழற்சியினால் ஏப்பிரில் 28 இல் அவர் இறந்தார். வயது முப்பத்தொன்பது.

அவர் சிகிச்சையை மறுத்து இறந்தார் எனச் சிலர் எழுதுவது பிழை. அவர் சிகிச்சை பெற்றார். சிகிச்சைகளுள் ஒன்றைத் தெரிந்தார். அறியாமையால் தெரிந்தவருமல்லர், வரக்கூடியதை வைத்தியர் என்ற முறையிலே முற்றும் உணர்ந்தவர். கணவரிடம் தம் கருத்தை ஐயத்துக்கிடமின்றி முன்னரே கூறியுமிருந்தார். கத்தோலிக்கத் திருச்சபை 2004 மே 16 இல் அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தபோது கணவரும் மக்களும் அங்கிருந்தனர். அன்று உயிர்காக்கப்பட்ட மகளும் வைத்தியரானார். எனினும், தாயை இழந்த நான்கு குழந்தைகளைக் கணக்கில் எடுத்தார்க்கு இவ்வரலாறு எளிதில் அடங்குவதன்று. தன்னுயிரை ஈதல் ஒருத்தியின் விருப்பமாயிருக்கும்போது அது பெருமை. பிறர் அதனை அவளிடம் எதிர்பார்க்கத் தொடங்கும்போது அது கொடுமை.

இவ்வேறுபாட்டை அயர்லாந்து கடுமையாகக் கற்றது. 2012 ஒக்தோபரில் கோல்வே நகர வைத்தியசாலையொன்றிலே, பதினேழாம் வாரத்திற் கருச்சிதையத் தொடங்கிய பெண்ணொருவர் தம் கருப்பத்தை முடித்துவிடுமாறு கேட்டும், சிசுவின் இருதயம் இன்னும் துடிக்கின்றது என்னும் காரணத்தால் அது மறுக்கப்பட்டது. குருதியில் நச்சுக்கிருமிகள் பரவி அவர் மாண்டார். அவர் இந்தியாவிலிருந்து சென்று அங்கே பல்வைத்தியராய் இருந்தவர். 2018 மே மாதத்திற் குடியொப்பத்தின் மூலம் அந்நாட்டார் தம் அரசியலமைப்பையே மாற்றினர். பெற்றே தீர்வேன் என்பவளின் சொல்லும், என்னைக் காப்பாற்றுங்கள் என்பவளின் சொல்லும் ஒரே தராசில் நிறுக்கப்படவேண்டியவை.

பழைய நூலோரும் இச்சிக்கலை அறிந்திருந்தனர். மூடகர்ப்பம் பற்றிப் பேசும் சுசுருத சங்கிதை, உயிருள்ள கருவை ஆயுதத்தால் அறுத்தலாகாதென விதித்து, அறுப்பின் தாயும் சேயும் ஒருங்கே மடிவர் எனக் காரணமும் காட்டுகின்றது; இறந்த கருவையோ தாமதியாது அகற்றச் சொல்கின்றது. அறத்தோடு கைவினையாளனின் எச்சரிக்கையும் அங்கே கலந்திருத்தல் காண்க. யூதரின் மிசுனா, பேறு தடைப்பட்டுத் தாய்க்கு உயிராபத்து நேரின் அவள் உயிரே முற்பட்டது எனவும், குழந்தையின் பெரும்பகுதி வெளிவந்தபின் ஓருயிருக்காக மற்றோருயிரைத் தொடலாகாது எனவும் கூறும். இலங்கையிலே 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கருக்கலைப்பை மட்டும் குற்றமற்றதாக விடுகின்றது. இந்தியாவின் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் விரிந்ததாயினும், வயதுவந்த பெண்ணின் சம்மதமின்றிக் கலைத்தலை அதுவும் ஒப்புவதில்லை.

ஆலோசனையை ஏலாதவள் சிகிச்சைக்கு உரிமையற்றவளாகிவிடுவதில்லை. அவள் வேண்டா என்றது ஓர் ஆலோசனையையே, வைத்தியரையன்று. அந்நாள்முதல் இருதய நிபுணரும் மகப்பேற்று நிபுணரும் மயக்கமருந்து நிபுணரும் ஒருங்கிருந்து திட்டமிடல் வேண்டும். ஓய்வு மிகுதியாகத் தேவை. இரத்தசோகையை நீக்கல் வேண்டும். சிறு காய்ச்சலும் சளியும்கூட உடனே கவனிக்கப்படவேண்டும், அவை நாடியை விரைவித்து இருதயத்தைத் தள்ளாடச் செய்யுமாதலின். பேற்றுக்குப் பல வாரங்களுக்கு முன்னரே வைத்தியசாலையிற் சேர்ப்பதுமுண்டு. எல்லாரும் எண்ணுவதுபோல வயிற்றைத் திறந்தெடுத்தல் எப்போதும் சிறந்ததன்று. நோவு தெரியாவண்ணம் முதுகுத்தண்டின் அருகே மருந்து செலுத்தி, முக்கும் வேலையைத் தாய்க்குக் குறைத்து, கருவியின் உதவியோடு இயல்வழியே பெறச்செய்தல் பல இருதயநோய்களுக்கு நன்று.

குழந்தையின் அழுகுரல் கேட்டவுடன் உறவினர் ஆபத்துக் கடந்ததென மகிழ்வர். வைத்தியருக்கோ அப்போதுதான் கடினமான நேரம் தொடங்குகின்றது. சுருங்கும் கருப்பையிலிருந்து பிழியப்படும் அரை இலீற்றர் வரையான குருதி ஒருசேர இருதயத்திற்குத் திரும்புகின்றது. குருதிப்பெருக்கை நிறுத்த வழக்கமாக இடப்படும் எர்கோமெத்திரின் என்னும் மருந்தும், குழாய்களை இறுக்குவதால், இவர்களுக்கு விலக்கப்பட்டது. நுரையீரற் குழாய்கள் இறுகிய தாய்மாரிற் பலர் பிள்ளையைப் பெற்றபின் முதல் இரண்டொரு வாரங்களிலேயே இறந்துள்ளனர். ஆகவே அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாது, படுக்கையருகே தாதியரை இருத்தி, நாடியையும் மூச்சையும் இரவும் பகலும் குறித்துவருவர்.