ஐ-9 படிவத்தைப் பேணுதல்

ஐ-9 படிவம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் பணியில் சேர்பவர் யார், அங்கு வேலை செய்ய அவருக்கு அனுமதி உள்ளதா என்பவற்றை வேலையளிப்பவர் சரிபார்த்துப் பதிவு செய்யும் ஆவணமாகும். 1986 நவம்பர் 6 அன்று அதிபர் ரொனால்ட் ரேகன் கையெழுத்திட்ட குடிவரவுச் சீர்திருத்த, கட்டுப்பாட்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. இது வெளிநாட்டவருக்கு மட்டும் உரியது என்று பலர் கருதுகின்றனர், அது தவறு. அந்நாளுக்குப் பின் பணியமர்த்தப்பட்ட அமெரிக்கக் குடிமக்களுக்கும் இப்படிவம் தேவை.

முதற்பகுதியைப் பணியாளர் வேலை தொடங்கும் நாளுக்குள் நிரப்ப வேண்டும். அந்நாளிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் வேலையளிப்பவர் மூல ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும். அமெரிக்கக் கடவுச்சீட்டு, கிரீன் கார்டு போன்ற ‘ஏ’ பட்டியல் ஆவணம் ஒன்றே போதும். இல்லையெனில், ஓட்டுநர் உரிமம் போன்ற ‘பி’ பட்டியல் ஆவணத்துடன் சமூகப் பாதுகாப்பு அட்டை போன்ற ‘சி’ பட்டியல் ஆவணத்தையும் காட்டலாம். எதைக் காட்டுவது என்பது பணியாளரின் உரிமை. இன்ன ஆவணம்தான் வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தினால் அது பாகுபாடாகக் கருதப்படக்கூடும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது?

நிரப்பிய படிவம் அரசுக்கு அனுப்பப்படுவதில்லை, நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே அதைப் பேணும் பொறுப்பு முழுவதும் நிறுவனத்துடையது. பணியில் இருக்கும்வரை படிவம் இருந்தாக வேண்டும். விலகிய பின், சேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள், விலகிய நாளிலிருந்து 1 ஆண்டு ஆகிய இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். 2020 ஜனவரி 6 அன்று சேர்ந்து 2021 மார்ச் 5 அன்று விலகியவரின் படிவத்தை 2023 ஜனவரி 6 வரை பேண வேண்டும். 2010இல் சேர்ந்து 2024 ஜூன் 28 அன்று விலகியவருக்கோ 2025 ஜூன் 28 வரை போதும். பிறந்த தேதி முதலிய தனிப்பட்ட விவரங்கள் அடங்கிய தாள் என்பதால், காலம் முடிந்ததும் அழித்துவிடுவதே நல்லது.

தாளாகவோ, நுண்படச் சுருளாகவோ, மின்னணு முறையிலோ சேமிக்கலாம். ஆவணங்களின் நகலை எடுப்பது பொதுவாகக் கட்டாயமில்லை. எடுத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். ஈ-வெரிஃபை இணைய முறையைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் மட்டும் கடவுச்சீட்டு, கிரீன் கார்டு போன்ற சிலவற்றின் நகலைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

ஆய்வும் அபராதமும்

ஆய்வுக்குக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் தரப்படும். பிழை இருந்தால் ஒரு கோடிட்டு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும்; வெள்ளை மை பூசுவதும் முன்தேதியிடுவதும் கூடாது. அனுமதியற்றவர் எவரையும் வேலைக்கு வைக்காத நிறுவனமும் தப்பிவிடுவதில்லை. ஆடை விற்பனை நிறுவனமான ஏபர்குரோம்பி & ஃபிட்ச், மிச்சிகன் கடைகளில் தனது மின்னணு ஐ-9 முறையில் இருந்த குறைபாடுகளுக்காக 2010இல் 10 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது. தெரிந்தே அனுமதியற்றவர்களை அமர்த்தியதாக அந்த ஆய்வில் எதுவும் கண்டறியப்படவில்லை.

தற்காலிக அனுமதி உள்ளவர்கள்

அமெரிக்காவில் படித்து முடித்து ஓபிடி அனுமதியில் வேலை பார்க்கும் மாணவர்களும், எச்-1பி விசாவில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டியது மறு சரிபார்ப்பு. அனுமதி முடியும் நாளுக்குள் நிறுவனம் புதிய ஆவணத்தைப் பார்த்து ‘பி’ இணைப்பில் பதிய வேண்டும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு காட்டியவர்களுக்கும் இது கிடையாது. அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான 24 மாத ஓபிடி நீட்டிப்பைப் பெற, நிறுவனம் ஈ-வெரிஃபையில் பதிந்திருப்பது கட்டாயம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைக் கேட்டுவிடலாம். எச்-1பி நீட்டிப்புக்கு அதே நிறுவனம் உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை 240 நாட்கள் வரை பணியைத் தொடரலாம். அப்போது விண்ணப்ப நகலையும் கட்டணம் செலுத்திய சான்றையும் ஐ-9 படிவத்துடன் சேர்த்து வைக்க வேண்டும்.